டிக்கெட் கேட்காத நைனா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர், நண்பர் அனைவரையும் வணங்கி, எங்கள் நைனாவைப் பற்றி மகளாகிய நான் எழுதுகிறேன். புகழ்ந்து மட்டும் எழுத மனம் வரவில்லை. மன்னிக்கவும்.

நைனா சத்தியவேடு பக்கத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, சித்தப்பா வீட்டில் வளர்ந்து, புத்தூருக்கு அருகிலுள்ள நம் ஊருக்கு மருமகனாக வந்து சேர்ந்தார். காலையில் கழனி, ரயில் வரும் நேரத்தில் ஸ்டேஷன். ஓர் அறையும் ஒரு சிமெண்டு பெஞ்சும்தான் நம் ஸ்டேஷன். அவர் ரயில்வே ஊழியர் அல்லர். புத்தூரிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்துவந்து ஊரில் விற்கும் ஏஜெண்டாகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார்.

ஊரில் பாதிப் பேர் அவருக்கு மாமன் முறை, மீதிப் பேர் மச்சான் முறை. "பொண்ணு குடுத்தவங்ககிட்ட போய் டிக்கெட் வாங்குன்னு கேக்க சொல்றியா?" என்பார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்னா மாப்ள, சோறு துன்னியா?" என்று விசாரித்துவிட்டு நாம் நேரே ரயிலேறிவிடுவோம். திருமலைக்கு மொட்டை போடப் போன குடும்பங்கள்கூட அப்படித்தான் போயின.

ஒருநாள் அதிகாரி ஒருவர் வந்து டிக்கெட் கணக்கைப் புரட்டினார். தினமும் பெட்டி நிறைய ஆள் ஏறிய ஊரில், காகிதத்தில் ஒருவரும் இல்லை. "எக்கேவாள்ளே லேரு கதா" என்றார். ஏறுகிறவர்களே இல்லையாம். உண்மையைச் சொன்னால் ஊரையே காட்டிக்கொடுத்ததாகும் என்று நைனா வாயே திறக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ரயில் நிற்கவில்லை. மனு கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. ஏஜெண்டு சரியில்லை என்று நம்மில் சிலரே பேசினோம். அதுவும் அவர் காதுக்குப் போயிற்று.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை ஆட்டோவிலும் பஸ்ஸிலும் மாறி மாறித் திருப்பதிக்கு அழைத்துப் போனோம். கடைசியாகப் போன அன்று ஸ்டேஷன் அருகே கேட் போட்டிருந்தார்கள். முள் மண்டிய பிளாட்பாரத்தைத் தாண்டி ரயில் ஓடியது.

"நிக்காம போய்க்கினு கீது பாரும்மா. நாந்தான் மூடிட்டேன்."

"நீ என்னா பண்ணுவ நைனா, சும்மா இரு" என்றேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே காலமானார். அந்த எண்ணத்தோடேயே போனார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆட்டோ ஓட்டிய தம்பிக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. ஆனால் ஸ்டேஷனை மூடியது நாம்தான். மூன்று ஆண்டுகள் அந்த ரயிலில்தான் நான் புத்தூர் கல்லூரிக்குப் போனேன். ஜன்னலுக்குள் உட்கார்ந்தபடி எனக்குக் கையசைப்பார். நானும் ஒருநாள்கூட டிக்கெட் வாங்கியதில்லை.