பந்துக்கு முதுகு காட்டியவர்

பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பூங்காவில் அன்று பத்தொன்பது பெண்கள் ஆஸ்திரேலிய ஃபுட்போல் ஆடினார்கள். அந்நாட்டுக் கழகங்கள் புதியவர்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டுக்கு முன், மெல்பேர்னில் ஒரு தேர்வு முகாம் நடக்கும். அதற்கு இங்கிருந்து ஒருத்திதான் போகலாம். ஓட்ட நேரத்தைக் கணினியில் பதியும் வேலை எனக்கு. யார் அந்த ஒருத்தி என்ற படபடப்பு அவர்களைவிட எனக்கே அதிகம்.

தெரிவு செய்ய மெல்பேர்னிலிருந்து வந்தவர் ஒரு தமிழ் அக்கா. வெயிலில் உரிந்த மூக்கு, முழங்காலில் நீளமான தழும்பு. ஆட்டம் சூடுபிடித்ததும் அவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ஏழாம் நம்பர் பறக்கிறாள். பாக்கேல்லையோ?"

"அவளின்ர வேகம் உம்மட கணினிப் பெட்டிக்குள்ள கிடக்குதுதானே. நான் குரல் கேக்கிறன்."

"அவையள் பிரெஞ்சில எல்லோ கத்துகினம். உங்களுக்கு விளங்குமோ?"

"ஒரு சொல்லும் விளங்காது. ஆனா ஒருத்தி கத்தினவுடன எல்லாற்ற காலடியும் திரும்புது. ஆர் அந்தக் கட்டைக் குரல்?"

"பதினொண்டு. அவள் ஆமை, அக்கா."

"ஓம், இருக்கட்டும்."

அழைப்பு பதினொன்றுக்கே கிடைத்தது. என் ஓட்ட நேரப் பட்டியலில் அவள் கடைசி. இப்போது போட்டி பார்க்கும்போது நானும் கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கிறேன். இரைச்சல் மட்டுமே கேட்கிறது.