வண்டி நம்பரைப் படித்த பிரபாவதி

நிலக்கரி லாரிகள் யார்டை விட்டு வெளியே வரும் திருப்பத்தில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாக நிற்பதுதான் பிரபாவதியின் வேலை. லாரி நெருங்கியதும் அதன் நம்பரை உரக்கப் படிப்பாள். ஷெட்டுக்குள் இருக்கும் கிளார்க் அதைக் கேட்டு எழுதிக்கொள்வார். கான்ட்ராக்ட் வேலை. சேர்ந்த புதிதில் நடந்த பாதுகாப்பு வகுப்பில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: எந்த வண்டி தப்பாகப் போனாலும் முதலில் நம்பரைப் பிடி, நம்பர் இல்லாத புகாரை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். அது அவள் நாக்கில் ஊறிவிட்டது. கடைத்தெருவில் ஆட்டோ உரசிவிட்டுப் போனால் திட்டுவதற்கு முன்னால் நம்பர்தான் வாயில் வரும்.

"எங்கம்மா சாமி கும்புட்டுகினு இருக்கறப்பவும் தேரு நம்பரத் தேடும்" என்று மகள் இசைப்பிரியா தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நிலக்கரி நிறுவன டவுன்ஷிப்பின் கடைசி பிளாக் மதிலுக்கு வெளியே, கான்ட்ராக்ட் ஆட்கள் வீடு கட்டிக்கொண்ட காலனியில் அவர்கள் இருந்தார்கள். கணவன் இறந்த பிறகு தாயும் மகளும் மட்டும்தான். மதிலுக்கு உள்ளே குவார்ட்டர்ஸ் தோட்டங்களில் ரப்பர் குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். வெளியே டேங்கர். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். ஓட்டியவன் கொளஞ்சிநாதன், நாலு வீடு தள்ளி இருப்பவன். பிரபாவதியை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவள் ஷிப்டு முடிந்து வரத் தாமதமானால் அவள் குடங்களைத் தானே நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போவான்.

அந்த சித்திரையில் இரண்டு முறை டேங்கர் வரவில்லை. மூன்றாம் முறை வந்தது, ஆனால் நிற்கவில்லை. காலனிக்கு அப்பால் புதிதாகப் போட்ட மண் ரோட்டில் மரக்கன்று நட மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று பேச்சு. பின்பக்க வால்வைத் திறந்துவிட்டு ரோடு நெடுகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனது டேங்கர். குடத்தோடு நின்ற பெண்களைக் கொளஞ்சிநாதன் பார்க்கவில்லை. நேராக ரோட்டைப் பார்த்தபடி போனான்.

பிரபாவதி போனை எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ஐயா, வணக்கமுங்க. நீங்க மரம் நட வர்றீங்கன்னு ரோட்டுல தண்ணி ஊத்திகினு போறாங்க பாருங்க. இது நாங்க குடிக்கிற தண்ணிங்க. அஞ்சு நாளா கொடம் காஞ்சி கெடக்குது. உங்க கார்ல தூசி படக்கூடாதுன்னு யாருங்க சொன்னது? உங்களுக்குத் தெரிஞ்சிதான் நடக்குதுங்களா?"

அதோடு முடித்திருக்கலாம். டேங்கரின் பின்பக்கம் திரையில் தெரிந்ததும் நாக்கு தானாக நம்பரைப் படித்தது. நான்கு இலக்கத்தையும் தெளிவாக, யார்டில் படிப்பது போலவே.

இசைப்பிரியா அதை ஃபேஸ்புக்கில் போட்டு, அதிகாரியின் பக்கத்தையும் சேர்த்துவிட்டாள். "உன் பேரு போடணுமாம்மா?"

"போடு. நாம இன்னா திருடவா செஞ்சோம்?"

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. முகம் தெரியாதவர்கள் 'சிங்கப்பெண்' என்று எழுதினார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து அவள் நாத்தனார் போன் போட்டு, "இன்னாடி, எங்களயெல்லாம் ஞாபகம் இருக்குமா இனிமே?" என்றாள்.

மறுநாள் காலை டேங்கர் வந்து நின்றது. நிரம்பி வழிந்தது. ஓட்டி வந்தவன் வேறு ஆள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; குடம் நிரம்புகிற சந்தோஷம். அப்போதுதான் இசைப்பிரியா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, அந்த சாரே பதில் போட்டுருக்காரு!"

"படிடி, எல்லாரும் கேக்கட்டும்."

"தவறைச் சுட்டிக்காட்டிய சகோதரிக்கு நன்றி..."

பெண்கள் கைதட்டினார்கள். ஒருத்தி விசிலடித்தாள்.

"...விசாரணையில், ஓட்டுநர் தன்னிச்சையாகச் செயல்பட்டது தெரியவந்துள்ளது. சம்பந்தப்பட்ட ஓட்டுநர் உடனடியாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்."

கடைசி வரியை அவள் மெதுவாகத்தான் படித்தாள். வரிசையில் கொளஞ்சிநாதனின் மனைவி பாப்பா நின்றிருந்தாள். முந்தின நாள் அவன் தலைவலி என்று சாப்பிடாமல் படுத்தானாம். வேலை போனதை அவளிடம் சொல்லவில்லை. பாதி நிரம்பிய குடத்தை டேங்கர் குழாயடியிலேயே விட்டுவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

பிரபாவதி அன்று வேலைக்குப் போகவில்லை. மகளை உட்காரவைத்து, அதிகாரியின் பதிலுக்குக் கீழேயே எழுதச் சொன்னாள்: 'ஐயா, நான் டிரைவரைக் கேட்கவில்லை. அவர் மேலே சொன்னதைச் செய்தவர். அவரிடம் சொன்னது யார் என்றுதான் கேட்டேன்.'

அதற்குப் பதில் வரவில்லை. முதல் நாள் சிங்கம் என்றவர்கள் யாரும் இதைப் பகிரவும் இல்லை. 'அதான் நடவடிக்கை எடுத்துட்டாங்களே, இன்னும் என்ன வேணும்?' என்று ஒருவர் கேட்டிருந்தார்.

ஆனால் டேங்கர் கான்ட்ராக்டர் அதைப் பார்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சிநாதனும் பாப்பாவும் வந்தார்கள். அவன் உட்கார்ந்தான், பாப்பா கதவருகே நின்றாள்.

"கொளஞ்சி, நான் உன்ன சொல்லலடா" என்று பிரபாவதிதான் ஆரம்பித்தாள்.

"தெரியும்க்கா. நீ கேட்டது நாயம்தான். எனக்கும் அன்னிக்கி வயிறு எரிஞ்சிச்சி. ஊத்துடான்னாங்க, ஊத்தினேன்."

"யாரு சொன்னான்னு நீ வாயத் தொறந்து சொல்லு. நான் போடுறேன்."

"நீ போட்டது போதும்க்கா" என்றாள் பாப்பா.

அவன் மனைவியைக் கையமர்த்தினான். "கான்ட்ராக்டர் கூப்பிட்டு உட்டாரு. சத்தம் அடங்கட்டும், வேற சைட்டுல வண்டி தர்றேன்றாரு. நீ எழுதினத காட்டிக் கேக்குறாரு, 'அந்தப் பொம்பளய நீதான் தூண்டி உடுறியா'ன்னு. அத எடுத்துடுக்கா. உன் கால்ல..." என்று அவள் காலைத் தொடக் குனிந்தான்.

"எந்திரிடா. இன்னா பேச்சு இது?"

"அப்ப எடுத்துடு."

எடுத்துவிட்டால், தன்னிச்சையாகச் செய்தான் என்ற வரி மட்டும் அங்கே நிற்கும். எடுக்காவிட்டால் அவனுக்கு வண்டி இல்லை.

"அழிச்சிடுடி" என்றாள் மகளிடம்.

"அம்மா, நாம கேட்டதுல இன்னா தப்பு?"

"தப்பு இல்ல. அழி."

கொளஞ்சிநாதன் எழுந்து கும்பிட்டான். அவனிடம் அவள் வாங்கிய முதல் கும்பிடு அது. அவளால் முகம் கொடுக்க முடியவில்லை.

சத்தம் அடங்கியது. கான்ட்ராக்டர் அவன் போனை எடுப்பதை நிறுத்தினார். ஆடி முடிந்து அவன் நேரில் போய் நின்றபோது, "வீடியோவுல வந்த ஆள எந்த சைட்டுல சேத்துக்குவான்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஆவணியில் அவன் போர்வெல் வண்டி ஓட்ட ஆந்திரா பக்கம் போனான். எப்போது வருவான் என்று பாப்பா யாரிடமும் சொல்லவில்லை. டேங்கர் வரிசைக்கும் அவள் வருவதில்லை. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற, உப்புத் தண்ணீர் வரும் அடிபம்புக்குப் போகிறாள்.

டேங்கர் இப்போது ஒழுங்காக வருகிறது. "எல்லாம் உன்னாலதான்" என்பார்கள் பெண்கள். ஒருநாள் ஒருத்தி, "அப்பிடியே தெரு லைட்டுக்கும் ஒன்னு போடேன் பிரபா" என்றாள்.

"யாரு வூட்டு ஆளு வேலையக் காவு குடுக்கலாம்னு சொல்லுங்க, போடுறேன்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் தன் குடங்களோடு இன்னும் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போய்ப் பாப்பா வாசலில் வைத்தாள். உள்ளே மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. கூப்பிட்டாள். மிக்சி நின்றது. யாரும் வெளியே வரவில்லை. குடங்களை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை இரண்டு குடங்களும் அவள் வாசலில் இருந்தன. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீரைப் பாப்பா உள்ளே ஊற்றிக்கொண்டாளா, வெளியே கொட்டினாளா என்று தெரியவில்லை. பிரபாவதி இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் டேங்கர் வரிசையில் போய் நின்றாள்.