மூன்று ஜனாதிபதிகள் செத்த நாளில் சித்தியின் கல்யாணம்

என் மாமாவிடம் இன்று என்ன தேதி என்று கேட்டால் அமெரிக்கா சொல்வார். ஊரை விட்டு வந்த தமிழர்கள் கடை போட்டிருந்த லா சப்பலில், டெலிபோன் கார்டு விற்கும் கடையில் நின்ற அவருக்கு, எந்தத் தேதியைக் கொடுத்தாலும் அந்தத் தேதியில் அமெரிக்காவில் என்னென்ன நடந்தது என்று ஒப்பிக்கத் தெரியும். அமெரிக்காவுக்குப் போனதில்லை; ரூ காய் என்ற பக்கத்துத் தெருவைத் தாண்டுவதே அவருக்கு வெளிநாட்டுப் பயணம். எட்டு வயதில் எனக்கு உலகத்தின் ஆகப் பெரிய அறிவாளி அவர்தான். நானே புத்தகங்கள் எழுதி, அவற்றை என் உறவினர் சிலர் வாங்கவும் செய்த பிறகும், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

சித்தி மாமாவின் கடைசித் தங்கை. அவளுக்குக் கல்யாண நாள் வைக்கப் புறநகரான திரான்சியிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாயாரின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. மாப்பிள்ளையின் அப்பா வேலைக்குப் போயிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குத் தெரிந்த அப்பாக்கள் எல்லோரும் எப்போதும் வேலையில்தான் இருந்தார்கள்.

ஐயர் சொன்ன நாளும் மண்டபம் காலியாக இருந்த நாளும் ஒத்துவந்தது ஜூலை நான்கில் மட்டும். அதை விட்டால் அடுத்த வருஷம். அதுவரை மாப்பிள்ளையின் மனம் மாறாது என்று சித்தி நம்பினாள். தாயாரின் மனத்தைப் பற்றி அவளுக்கு அந்த நம்பிக்கை இல்லை.

"அருமையான நாள்!" என்றார் மாமா. "அமெரிக்கா பிறந்த நாள்."

தாயார் முகம் மலர்ந்தது. மாமா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அதுமட்டுமோ? அந்த நாட்டை உண்டாக்கின ரெண்டு ஜனாதிபதிமார், சரியா அம்பது வருசத்துக்குப் பிறகு, அதே ஜூலை நாலிலை, ஒரே நாளிலை செத்தவை!"

"மாமா, மூண்டாம் ஆளை விட்டிட்டீங்கள்!" என்று நான் துள்ளி எழுந்தேன். "அஞ்சு வருசம் கழிச்சு அவரும் ஜூலை நாலுதான்!"

அம்மா என் தொடையில் கிள்ளினார். தாயார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி, மூண்டு செத்தவீடு நடந்த நாளிலையோ என்ரை பிள்ளையைத் தாலி கட்டச் சொல்லுறியள்?"

"அண்ணை, உங்கடை அமெரிக்காவிலை இடி விழ," என்று தேநீர்ப் பாத்திரத்தோடு குசினி வாசலில் நின்ற சித்தியின் குரல் உடைந்தது.

மாமா தாயாருக்கு நேரே திரும்பி உட்கார்ந்தார். பிறகு, தேதி ஒப்பிக்கும் குரலில் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, ஒருத்தருக்குத் தொண்ணூறு வயசு. மற்றவருக்கு எண்பத்துமூண்டு. ரெண்டு பேரும் சொந்த வீட்டிலை, சொந்தக் கட்டிலிலை கண்ணை மூடினவை. மூண்டாம் ஆள் மகளின்ரை வீட்டிலை. எந்த நாள், எங்கை எண்டு பிள்ளையளுக்குத் தெரியும். இப்பிடி ஒரு சாவு கிடைச்ச நாளை, நாங்கள் கெட்ட நாள் எண்டு சொல்லலாமோ?"

வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் ஒன்று போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. தாயாரின் விரல் நெற்றிப் பொட்டுக்குப் போய், கலையாத அதைச் சரிசெய்தது.

"ஓம் தம்பி," என்றார். "நல்ல நாள்தான்."

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன்: கட்டிலில் சாவது அவ்வளவு பெரிய கெட்டித்தனமா? எல்லோரும் அங்கேதானே சாகிறார்கள்? அம்மா மிச்சக் கேசரியை என் தட்டில் போட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா, ஊரில் சண்டை நடந்த காலத்தில், ஒருநாள் சைக்கிளில் வெளியே போய்த் திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்று தெரியாததால் திவசமும் இல்லை, தாயாரின் பொட்டும் அழியவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது பல வருஷங்கள் கழித்து. ஜூலை நான்காம் தேதி மண்டபத்தில், தாயார் தன் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. தாலி கட்டி முடிந்து, பந்தியும் முடியும்வரை நான் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து மாப்பிள்ளையின் அப்பா நேரே இங்கே வந்துவிடுவார் என்று நினைத்து.