ஒரகடத்துக்கு மைண்ட்செட் கொண்டுபோன கதை

அடுத்தவர் மனப்போக்கை மாற்றுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு: மாறாவிட்டால் அது அடுத்தவர் குற்றம். நீங்களும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் உட்கார்ந்து கொட்டாவியை விழுங்கியவர் என்றால், அந்தப் பக்கம் நின்று பேசியவள் நான்தான். என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் அஜைல் கோச். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொண்டு, தினமும் கூடிப் பேசி, தப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளச் சொல்லித்தருகிறவள். சாஃப்ட்வேர் கம்பெனிகளில் சுற்றிக்கொண்டிருந்த என்னை ஒரகடத்தில் கார் சீட் செய்யும் ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது. பிளான்ட் மேனேஜர் கோதண்டராமன் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "முறையெல்லாம் அப்புறம். முதல்ல எங்க ஆளுங்க மைண்ட்செட்டை மாத்துங்க."

கேட் பாஸ்

முதல் நாளே கேட்டில் நிறுத்திவிட்டார்கள். செக்யூரிட்டி அண்ணன் என் பையைத் திறந்து பார்த்தார். லேப்டாப், கலர் கலராக ஒட்டுக் காகிதம், ஸ்கெட்ச் பேனா. "இன்னா விஷயமா வந்துகிறீங்க?" என்றார். மைண்ட்செட் விஷயமாக என்றேன். அவர் பைக்குள் மறுபடியும் கையை விட்டுத் தேடினார்.

"அது பொருள் இல்லைங்க. இங்கே இருக்கிறவங்களுக்குக் கொடுத்துட்டுப் போறது," என்றேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் கேட் பாஸ் எழுதும் பேனாவை மேலே தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். பிறகு மரியாதையாகவே சொன்னார்: "ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா? இங்கியே வுட்டுட்டுப் போறதுன்னா மேனேஜர் கையெழுத்து வோணும் மேடம்."

நின்றுகொண்டே கூட்டம்

தினமும் காலையில் குழு வட்டமாக நின்று பேச வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். உட்கார்ந்தால் பேச்சு நீளும், நின்றால் கால் வலித்துச் சீக்கிரம் முடிப்பார்கள். நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர்களுக்காக யாரோ யோசித்தது. லைன் லீடர் தனசேகர், பக்கத்து வடக்குப்பட்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "ஷிப்ட் பூரா நின்னுகினுதான் கீறோம். இதுக்கும் நின்னுகினே பேசணுமா?"

நியாயமாகப் பட்டது. ஓரத்தில் தரச் சோதனையில் தேறாத சீட்டுகள் கிடந்தன. அவற்றை இழுத்துப்போட்டு எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்தோம். இத்தனை நாள் வாய் திறக்காதவர்கள்கூடப் பேசினார்கள். ஒரு பையன் பழக்கதோஷத்தில் பெல்ட்கூடப் போட்டுக்கொண்டான். அப்போது கோதண்டராமன் வந்தார். கார் இல்லாமல் ஒரு கூட்டம் பயணம் போவதைப் பார்த்தவர் முகம் சுருங்கியது. என்னைத் தனியாக அழைத்துக் கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "ஸ்டாண்ட் அப் மீட்டிங்னு மேலிடத்துக்கு ரிப்போர்ட் போயிடுச்சு மேடம். போட்டோ எடுக்கிறப்பவாவது எழுந்து நிக்கச் சொல்லுங்க."

மனம் திறந்து

வாரக் கடைசியில், வேலையில் எது சரியில்லை என்று பெயர் போடாமல் எழுதி ஒட்டச் சொன்னேன். சுவர் நிறைந்தது. அத்தனையும் கேன்டீன் சாம்பார் தண்ணீராக இருப்பதைப் பற்றி. லைனில் ஒரு குறையும் இல்லை என்று கோதண்டராமனுக்கு ஏக சந்தோஷம். கேன்டீன் காண்ட்ராக்டரின் மைண்ட்செட்டை மாற்றும்படி உத்தரவு போட்டார்.

காண்ட்ராக்டர் குளித்து, சந்தனம் வைத்து, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். முடியாது என்று நினைக்கிற மனசுக்கும் கற்றுக்கொள்கிற மனசுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க விளக்கத் தலையாட்டினார். இவ்வளவு கவனமாக யாரும் என்னைக் கேட்டதில்லை. முடிவில் எழுந்து கை கூப்பினார்: "எல்லாம் புரிஞ்சுது மேடம், மைண்ட்செட்டை மாத்திடறேன். பருப்பு அதே அளவுதானே?"

கேக்

இசக்கியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். வேலை போனால் ஊருக்குப் போக வேண்டும். ஊரில் அவளைக் கேட்காமலே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். முடிந்த சீட்டை அழுத்திப் பார்த்து, கிறீச் என்று சத்தம் வந்தால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்துவது அவள் வேலை. ஒரு நாள் இழுத்தாள். எல்லாம் நின்றது. சீட்டைப் பிரித்து மேய்ந்தார்கள், ஒன்றும் இல்லை. அவளுக்காகப் பரிந்து பேச நான் ஓரடி முன்னால் வைத்தேன். சத்தம் மறுபடியும் வந்தது. கம்பெனி கொடுத்த என் புது சேஃப்டி ஷூ.

வீணாக லைனை நிறுத்தியதற்காகக் கோதண்டராமன் அவளை ஹெச்.ஆர். அறைக்குப் போகச் சொன்னார். போனவர்கள் திரும்பியதில்லை. அவள் அழவில்லை. சுவரில் நான் மாட்டிய பேனரை எழுத்துக் கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தாள்: தப்பை மறைக்காதே, கொண்டாடு. "இது எங்களுக்குன்னு போட்டது இல்லையா மேடம்? வேற யாருக்காச்சும் உள்ளதா?" என்றாள்.

"சார், அதுக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு," என்றேன். அவர் தன் கையெழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரகடம் கூட்டுரோடு பேக்கரிக்கு ஆள் போனது. நின்ற லைனுக்கு நடுவே இசக்கியம்மாள் கேக் வெட்ட, மேனேஜர் கை தட்டினார். வேலை தப்பியது. தனசேகர் வாயில் கிரீமோடு கேட்டார்: "நாளிக்கு நிறுத்துனா நாளிக்கும் கேக் உண்டா சார்?"

பலன்

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். போல்ட் லூஸ் என்றார்கள், பஸ் லேட் என்றார்கள், ஓ.டி. வேண்டாம் என்றார்கள். மேனேஜர் சொன்னதையே "ஏன் சார்?" என்று கேட்டார்கள். கிளம்புகிற நாளில் கோதண்டராமன் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்: "மைண்ட்செட் நல்லாவே மாறிடுச்சு மேடம். இதை நிறுத்த ஏதாவது ட்ரெயினிங் இருக்கா?"

என் தொழிலில், மனப்போக்கு மாறாவிட்டால் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்; மாறிவிட்டால், பழையபடி ஆக்கித் தரச் சொல்லிக் கட்டாயம் கூப்பிடுவார்கள்.