அம்மா எறிந்த பந்து

போன சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. காய்ச்சலா, கம்பளி போர்த்தியதால் வந்த சூடா என்று தெரியாமல் அவளைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். கணவர் போனில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அணி ஒரு கோல் முன்னால். நான் கதவைத் தாண்டியதும் எதிரணி கோல் போட்டது. கடைசி விசில் ஊதுவதற்குள் இன்னொன்று.

“நீ வந்து நின்ன, போச்சு!” என்றார்.

பாருங்கள், கடல் தாண்டி ஓடுகிறவர்களின் கால் பதுளையில் நிற்கும் என்னால் இடறிவிட்டதாம். அதைவிட வெட்கம், கொஞ்சம் பொறுத்து வந்திருக்கலாமோ என்று நானும் யோசித்தேன். பிறகுதான் கோபம் வந்தது. அதில் பாதி அம்மாவுக்காக வந்தது.

எல்ல என்ற ஊருக்குப் போகும் வழியில் நான் வளர்ந்த தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே விளையாட்டுத் திடல். திடலின் விளிம்பிலிருந்து சரிவாகத் தேயிலை. எங்கள் பையன்கள் நன்றாகத்தான் ஆடுவார்கள், கடைசியில் தோற்பார்கள். “பத்து நிமிசம் முன்னாடி முடிச்சிருந்தா நாமதான்” என்று சொல்லிக்கொண்டே ஆண்கள் இறங்கி வருவார்கள். அந்த ஆறுதலில் அடுத்த ஆட்டம்வரை காலம் ஓடும்.

ஒருமுறை கப்புக்கான ஆட்டம். இருபக்கமும் கோல் இல்லை. இப்படியே முடிந்தால் பெனால்டி. எங்கள் கோல்கீப்பர் அதில் புலி. அதனால் நேரத்தைக் கடத்த, கேப்டன் ராஜா அண்ணன் பந்தைச் சரிவில் உதைத்துவிட்டார். எதிரணிப் பையன்கள் செடிகளுக்குள் குதித்தார்கள். அம்மா கொழுந்து எடுக்கும் மலை அது.

“டேய், என் மலைய மிதிக்காதீங்கடா! நாளைக்கு நாந்தானே கொழுந்து எடுக்கணும்!”

விளிம்பில் பெண்களோடு நின்ற அம்மா, நிரைகளுக்கு நடுவே விறுவிறுவென்று இறங்கிப் பந்தை எடுத்து மேலே எறிந்தார். எங்கள் ஆட்கள் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரணி உடனே ஆட்டத்தைத் தொடங்கியது. கோல். விசில்.

“யக்கா, கப்பத் தூக்கிக் குடுத்துட்டீங்களே!” என்று ராஜா அண்ணன் அழுதார்.

அதன்பிறகு அம்மா பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனாலும், “பந்து வேணுமாக்கா?” என்பார்கள். அடுத்த வருடம் அப்பாவே, “கதவ சாத்திட்டு உள்ள இரு. அவனுக பேசுறத கேக்க முடியல” என்றார். தகரக் கூரைக்கு மேலே ஆரவாரம் கேட்க, அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த வருடமும் கடைசி நிமிடத்தில்தான் தோற்றோம். அப்போது சரிவில் நின்றது யார்? இடுப்பில் கை வைத்துச் சிரித்தவர்களை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

“அக்கா சன்னல் வழியா பாத்திருக்கும்” என்றார்கள். எங்கள் காம்பரா வீட்டில் அந்தப் பக்கம் சன்னலே கிடையாது!

இப்போது அந்தத் திடலில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் மரக்குடில்கள். ராஜா அண்ணன் கொழும்பில் ஏதோ கடையில் இருக்கிறாராம். எங்கள் லயத்தையும் இடித்துவிட்டார்கள். அந்தக் கப்பை யார் வாங்கினார்கள் என்று கேட்டால், சொல்ல ஆள் இல்லை.

நேற்று அம்மா பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். கணவர் போனை எடுத்தார். விசில் சத்தம் கேட்டது. அம்மா பாதி குடித்த தேநீரை வைத்துவிட்டு எழுந்தார்.

“நீங்க பாருங்க மாப்பிள்ள. நான் உள்ள இருக்கேன்.”

யாரும் சொல்லாமலே அடுப்படிக்குப் போய்க் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார்.