வலது தோள் தாங்கும் எடை

இடது கையில் அறுவை சிகிச்சை முடிந்த அன்று டாக்டர் சொன்ன முதல் விஷயம், அந்தக் கையால் இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்பதுதான். டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காக உள்ளே இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்திருந்தார்கள். அதில் வாட்ச் கட்டக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, குடம் எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"லேப்டாப் பை மாட்டலாமா டாக்டர்?"

"அதுலயா? கூடவே கூடாதும்மா. வலது தோள்ல வேணா மாட்டிக்கங்க. அதுவும் கனமில்லாம."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் பழைய லேப்டாப்பைத் தெருமுனை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தோம். என் கணவர்தான் தூக்கி வந்தார். சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோவைத் தாண்டியது. கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கட்டப்போகும் வீடுகளுக்கு முகப்புப் படம் செய்து கொடுப்பது என் தொழில். மனை வெறும் கருவேலங்காடாகக் கிடக்கும்போதே, முடிந்த வீடு எப்படி இருக்கும் என்று வெயிலும் நிழலும் விழ, வாசல் கேட்டும் கார் நிறுத்தமுமாகக் கம்ப்யூட்டரில் காட்டிவிடுவேன். பத்து வருஷமாக ஒரே எஞ்சினியரிடம்தான் வேலை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அவர் கட்டிய வீடுகளில் பாதிக்கு மேல் என் முகப்புகள். அந்தத் தெருக்கள் வழியாகப் போகும்போது என் கணவர் வண்டியை மெதுவாக ஓட்டுவார்.

டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று நாள். திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் பிடித்து, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்டருக்குப் போய், நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்துக் கிடந்து, திரும்பி வந்தால் அன்றைய பொழுது போயிற்று. என் கணவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். எல்லா நாளும் லீவு போட முடியாது. நான் தனியாகத்தான் போய்வர வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தையாவது மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். படுக்கையில் சாய்ந்தபடி மடியில் வைத்து வேலை பார்க்கலாம். அதற்கு என் வலது தோள் தாங்குகிற ஒரு லேப்டாப் வேண்டும்.

கடையில் மூன்றை எடுத்து முன்னால் வைத்தார் விற்பனையாளர். முதலாவது எண்பதாயிரம். தனி கிராஃபிக்ஸ் கார்டு உண்டு, என் வேலையைப் பறந்து செய்யும். ஆனால் பழையதைவிடக் கொஞ்சம்தான் கனம் குறைவு. இரண்டாவது ஒரு கிலோகூட வராது. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம், தனி கார்டு கிடையாது. மூன்றாவதில் வேகமும் உண்டு, கனமும் இல்லை. விலையைக் கேட்டதும் என் கணவர் அதைத் தொட்டுப் பார்த்த கையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, முத ரெண்டையும் என் பையில போட்டுக் கொஞ்சம் நடந்து பாக்கட்டுமா?"

"நடக்கவா? யாரும் இப்படிக் கேட்டதில்லக்கா. நடங்க, நடங்க."

கனமானதை மாட்டிக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று வந்தேன். இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கியது. இறக்கும்போது என்னையறியாமல் இடது கை போய்ப் பிடித்துவிட்டது. கணவர் பதறி ஓடி வந்து பையைப் பிடுங்கினார். முழங்கைக்குக் கீழே புடைத்திருந்த இடத்தை அப்போதுதான் விற்பனையாளர் பார்த்தார். அதன் பிறகு அவர் ஆஃபர் பற்றியெல்லாம் பேசவில்லை.

"அக்கா, உங்க வேலைக்கு அந்தக் கனமானதுதான் சரி. உங்களுக்கு இந்தக் கனமில்லாததுதான் சரி. எத வாங்கச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல" என்றார்.

பணம் இருந்தது. அது எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குத் தருவதாக என் கணவர் சொல்லியிருந்தார். அதற்காகச் சேர்த்த பணம் அது. பரிசோதனையில் அவருக்கே சர்க்கரை இருப்பது தெரிந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கடையில் அந்தப் பணத்தைப் பற்றித்தான் நானும் நினைத்தேன், அவரும் நினைத்தார்.

"கனமில்லாதத எடு. காசப் பாக்காத" என்றார்.

சென்டருக்கு அதைக் கொண்டுபோன முதல் நாள் பெருமையாகத்தான் இருந்தது. பையில் ஏதாவது இருக்கிறதா என்றே தெரியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "இம்புட்டு மெல்லிசாவா வருது?" என்றார். சிஸ்டர் இடது கையில் இரண்டு ஊசிகளையும் ஏற்றி, அசைக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் நான் யோசிக்காத ஒன்று புரிந்தது. வருஷக்கணக்காக இடது கை கீபோர்டில், வலது கை மவுஸில் என்றே வேலை பார்த்துப் பழகியவள் நான். இப்போது வலது கை ஒன்றால் ஒரு சுவரை இழுத்து நிறுத்த மவுஸை விட்டுவிட்டுக் கீபோர்டுக்குப் போக வேண்டியிருந்தது, பிறகு மறுபடி மவுஸுக்கு. வெயிலும் நிழலும் சேர்த்துப் படத்தை முழுசாக்கக் கொடுத்தால் லேப்டாப்புக்கு அரை மணி நேரம் ஆனது. மடி சுட்டது.

அதெல்லாம் பழகியிருக்கும். இரண்டாம் மணி நேரத்துக்கு மேல் பிரஷர் இறங்குவதைத் தடுக்கத்தான் என்னிடம் வழியில்லை. திரையில் வீடு இரண்டாகத் தெரிந்தது. கெண்டைக்காலில் நரம்பு சுண்டி இழுத்தது. சிஸ்டர் ஓடி வந்து கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கியபோது லேப்டாப் சரிந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் தன் ஊசியில்லாத கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டார். நான் தெளிந்து எழும்வரை அதைத் தன் வயிற்றின் மீதே வைத்திருந்தார்.

ஒரு மாதம் முயன்றேன். சில நாள் ஒரு மணி நேரம் ஓடியது, சில நாள் திறக்கவே இல்லை. ஒருநாள் எஞ்சினியர் போன் செய்தார்.

"மேடம், பார்ட்டி அவசரப்படுறாங்க. இந்த ஒரு வேலைய மட்டும் வேற ஆள்ட்ட குடுத்துக்கிறேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்ல சார், குடுங்க" என்றேன்.

அதற்குப் பிறகு முகப்பு வேலை எதுவும் வரவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீடு கட்டுகிறவர்கள் நல்ல நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள்.

எஞ்சினியரின் போன் வந்த அன்று மாலை என் கணவர், "அந்தக் கனமானதையே வாங்கியிருக்கணுமோ?" என்று கேட்டார்.

"எத வாங்கியிருந்தாலும் இதே கததாங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். ஆனால் அதுதான் உண்மை. விலையையும் கனத்தையும் வேகத்தையும் அத்தனை நாள் எடைபோட்ட நாங்கள், அந்த நான்கு மணி நேரத்தில் என் உடம்பு என்ன செய்யும் என்று யாரிடமும் கேட்கவே இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

பிறகு நானே எஞ்சினியரை அழைத்து, சாதாரண வரைபட வேலை இருந்தால் கொடுங்கள் என்றேன். கொடுக்கிறார். அனுமதிக்குப் போகும் பிளான்கள். தண்ணீர்க் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, கழிவுநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று கோடு போடுகிறேன். டயாலிசிஸ் இல்லாத நாட்களில், காலையில் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் உட்கார முடிவதில்லை.