மூடியோடு சொருகிய கேபிள்

தரங்கம்பாடியில் ஒரு மீனவர் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் மாட்டப் போயிருந்தேன். படகு இன்ஜின் பக்கத்திலேயே இருந்து காது போன பெரியவர். நான் எது பேசினாலும் என் உதட்டையே பார்ப்பார்.

"டாக்டர் கைய விரிச்சுட்டாரு தம்பி. அஞ்சு ஸ்பீக்கர் வச்சா கேக்கும்ல? பேரன் துபாய்லேர்ந்து தாத்தான்னு சொல்லி வீடியோ அனுப்பியிருக்கான். ஒரு தடவ கேட்டுடணும்."

ஒலியை வெளிச்சமாகக் கடத்தும் ஆப்டிகல் கேபிளால் டிவியையும் ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரையும் இணைத்து, டிவியின் சொந்த ஒலியை அணைத்துவிட்டு வீடியோவைப் போட்டேன். திரையில் குழந்தை வாயசைத்தது. அவர் கண் கலங்கிற்று.

"கேட்டுடுச்சு தம்பி."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேபிள் முனையின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமலே சொருகியிருந்தேன்.

கழற்றிவிட்டு மறுபடி போட்டேன். ஐந்து ஸ்பீக்கரும் "தாத்தா" என்று அலறின. அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஓடிவந்தார். பெரியவர் மட்டும் இன்னும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.